வண்டியை ஆறவிட்டுக் காட்டுங்கள்

பழைய சொகுசு கார்களை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு,



காலை ஒன்பது மணிக்குப் பார்ட்டி வருகிறார் என்றால் எட்டரைக்கே உங்கள் யார்டில் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகி நிற்கிறது. ஏசி ஓடுகிறது. பையன் ஒருவன் டயருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறான். பார்ட்டி வந்து இறங்கும்போது என்ஜின் சூடேறி, சத்தம் அடங்கி, வண்டி நாலு மூலையிலும் ஒரே உயரத்தில் நிற்கும். கதவைத் திறந்தால் குளுகுளுவென்று காற்று வரும். தனக்குக் கொடுத்த மரியாதை என்று அவர் நினைத்துக்கொள்கிறார். எதற்காக அரை மணி நேரம் முன்பே ஸ்டார்ட் செய்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் கோவையில் பட்டறை வைத்திருப்பவன். பதினைந்து வருடமாகப் பெரும்பாலும் ஜெர்மன் வண்டிகளைத்தான் பார்க்கிறேன். உங்களில் பலர் எனக்குப் பழக்கம். சிலர் வீட்டு விசேஷங்களுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறேன். யாரையும் பகைத்துக்கொள்ள இதை எழுதவில்லை. நீங்கள் விற்ற வண்டி அடுத்த வாரமே என் பட்டறை வாசலுக்கு வருகிறது. அதை ஓட்டி வந்தவர் முகத்தைப் பார்த்து எஸ்டிமேட் சொல்ல வேண்டியவன் நான். அந்த வேலையை இனியும் வாய்மூடிச் செய்ய முடியவில்லை.

போன ஆடி மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். முப்பது வருடமாகப் பாத்திரம் ஏற்றிய வேனில்தான் மண்டபங்களுக்குப் போய் இறங்கியவர். ஒருநாளாவது பெரிய காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. சென்னையில் ஒரு யார்டில் பதினோரு வருடம் ஓடிய ஜெர்மன் செடான் ஒன்றை 9,75,000 ரூபாய்க்கு வாங்கினார். சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, மீட்டரில் 71,000 கிலோமீட்டர். தானே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். ராத்திரி வாசலில் நிறுத்தினார். காலையில் எழுந்து பார்த்தால் வண்டியின் முன்பக்கம் தரையோடு படுத்திருக்கிறது, முன்னங்காலை மடக்கிப் படுத்த மாடு மாதிரி. தெருவே கூடிப் பார்த்ததாம்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். ஸ்கேனர் போட்டேன். ஃபால்ட் கோடுகளை அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் ஸ்கேனர் காட்டும். சென்னையிலிருந்து பொள்ளாச்சிக்கு உள்ள தூரம் போக மிச்சம் 20 கிலோமீட்டர்கூட இல்லை. அவர் அட்வான்ஸ் கொடுக்க வந்த நாளில்தான் யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் மாட்யூலில் பதிவாகியிருந்த கிலோமீட்டர் 1,48,000. மீட்டரைத் திருத்தியவர் அந்த இடத்தைத் தொடவில்லை, அல்லது தொடத் தெரியவில்லை.

முன்பக்க ஏர் ஸ்ட்ரட் இரண்டுக்கும் 1,90,000. கம்ப்ரஸரும் ரிலேயும் 55,000. கியர்பாக்ஸ் ஆயில் சர்வீஸ் 48,000. தேய்ந்துபோன ரன்ஃப்ளாட் டயர் இரண்டுக்கு 44,000. மொத்தம் 3,37,000 ரூபாய். பேப்பரில் எழுதி நீட்டினேன். பட்டறையில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் மேல் அவர் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “முன்னாடியே சொல்லியிருந்தா என்னுங்க ஆகியிருக்கும்? வாங்காம போயிருக்க மாட்டனுங்க. வெலையக் கொஞ்சம் கொறச்சுக் கேட்டிருப்பேன். அவ்வளவுதானுங்களே?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நீங்கள் எதை மறைக்கிறீர்கள் என்பதை நான் வெளிப்படையாகவே எழுதப் போகிறேன். வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள், படிக்கட்டும்.

ஏர் சஸ்பென்ஷனிலிருந்தே தொடங்குகிறேன். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸிலும் சில ஈ-கிளாஸ் மாடல்களிலும் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கிறது. ரப்பருக்கு வயசு உண்டு. நம் ஊர் வெயிலில் பத்து வருடம் நின்றால் மடிப்புகளில் வெடிப்பு விழும். மயிரிழை வெடிப்புதான், ஓடும்போது தெரியாது. கம்ப்ரஸர் காற்றை ஏற்றிக்கொண்டே இருப்பதால் வண்டி நிமிர்ந்துதான் நிற்கும். ராத்திரி முழுக்க நிறுத்தினால்தான் காற்று இறங்கி ஒரு மூலை தாழும். காலையில் நீங்கள் சீக்கிரமே ஸ்டார்ட் செய்கிற முதல் காரணம் இது. கசிகிற பையை மாற்றாமல் விட்டால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிக் கருகும். பை ஒன்றோடு போக வேண்டிய செலவில் கம்ப்ரஸரும் சேர்ந்துகொள்ளும். ஒரு மூலைக்குப் பையோடு சேர்ந்த ஒரிஜினல் ஸ்ட்ரட் லட்சத்தை ஒட்டி வரும், சில மாடல்களுக்கு லட்சத்தைத் தாண்டும். வெளிச் சரக்கு அதில் பாதிக்குக் கிடைக்கும், எத்தனை நாள் உழைக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது காரணம் டைமிங் செயின். பி.எம்.டபிள்யூ. 2007-ல் கொண்டுவந்த என்47 என்ற நாலு சிலிண்டர் டீசல் என்ஜின் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 320டி, 520டி என்று நீங்கள் அதிகம் விற்கிற வண்டிகளில் இருப்பது அதுதான். 2007 முதல் சென்னைக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை ஓடுகிறது. நம் ஊர் ஆட்கள் கையால் பூட்டிய வண்டிகள் இவற்றில் எத்தனையோ உண்டு. நல்ல என்ஜின். இழுவை, மைலேஜ் இரண்டிலும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செயினைக் கொண்டுபோய் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். செயின் தளர்ந்து, அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் கைடு உடைந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே செயின் தாவலாம் அல்லது அறுந்துபோகலாம். அப்புறம் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், என்ஜினே போய்விடும். அந்த நிலைமை வருவதற்கு ரொம்ப முன்பே அது எச்சரிக்கும். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினைக் காலையில் முதல்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் பிரஷர் ஏறி டென்ஷனர் இறுகும் முன்பு, பின்பக்கத்திலிருந்து கரகரவென்று தேய்கிற சத்தம் சில நொடிகள் கேட்கும். சூடேறிய பிறகு அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அந்தச் சில நொடிகளைத்தான் நீங்கள் பார்ட்டி வருவதற்கு முன்பே கடந்துவிடுகிறீர்கள். வாங்குகிறவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அந்தச் சத்தம். அதை அவர் காதில் விழாமல் செய்வதை வியாபாரச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செயின், கைடு, டென்ஷனர், பல்சக்கரம் எல்லாம் சேர்த்துச் சாமான் விலை பெரிதில்லை. கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டியிருப்பதால் கூலியும் நேரமும்தான் அதிகம். என் பட்டறையில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் ஆகிறது. நேரத்தில் மாற்றினால் இந்தச் செலவோடு போகும். அறுந்த பிறகு வந்தால் வேறு என்ஜின் தேடுவதுதான் வழி. அந்தச் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பட்டறையிலேயே வண்டியை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். ஷட்டருக்கு வெளியே தார்ப்பாய் போட்டு நிற்கிற இரண்டு வண்டிகள் அப்படி வந்தவைதான்.

பென்ஸ் பெட்ரோல் வி6 வண்டிகளிலும் இதே மாதிரி கதை உண்டு. 2004 முதல் சில வருடங்கள் வந்த எம்272 என்ஜின்களில் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் முன்கூட்டியே தேய்ந்தது. சாமான் சின்னது. அதை எடுக்க என்ஜினையே இறக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் தந்திரம் தலைகீழ். அங்கே குளிர்ச்சிதான் மறைக்கும். 2010-க்குப் பிறகு வந்த பி.எம்.டபிள்யூ.க்களில் இருக்கும் இசட்.எஃப். எட்டு ஸ்பீடு பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனம் சொன்னது. பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. முதல் ஓனர் மாற்றுவதில்லை, இரண்டாம் ஓனருக்குத் தெரிவதில்லை, மூன்றாம் ஓனர் கையில் பாக்ஸ் உதறுகிறது. அதுவும் முக்கால் மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து, ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, சிக்னலில் வேகம் குறைந்து நிற்கப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஒரு இடி இடிக்கும். உங்கள் டெஸ்ட் டிரைவ் எவ்வளவு தூரம்? யார்டைச் சுற்றி ஒரு ரவுண்டு, மிஞ்சினால் பெட்ரோல் பங்க் வரை. ஆயில் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது. இதில் ஆயில் சட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஐம்பதாயிரத்தில் முடியக்கூடிய வேலை அது. தள்ளிப்போட்டால் மூன்று லட்சத்தில் ஓவர்ஹால்.

இதுவரை சொன்னவை பணம் சம்பந்தப்பட்டவை. இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது, கவனமாகக் கேளுங்கள்.

2002-ல் வந்த ஈ-கிளாஸில், டபிள்யூ211 என்கிறோமே அதில், எஸ்.பி.சி. என்ற மின்சார பிரேக் சிஸ்டம் இருந்தது. பிரேக்கை மிதித்தால் கம்ப்யூட்டர் அதைப் படித்து பம்ப் மூலம் அழுத்தம் கொடுக்கும். 2004 மே மாதம் இந்த பிரேக்குக்காக மட்டும் சுமார் 6,80,000 வண்டிகளை மெர்சிடிஸ் திரும்ப அழைத்தது, அடுத்த வருடமும் அழைத்தது. 2006-ல் ஈ-கிளாஸில் அதைக் கைவிட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிட்டது. அந்த யூனிட்டுக்குள் ஒரு கவுண்டர் உண்டு. ஒவ்வொரு முறை பிரேக் மிதிப்பதையும் எண்ணும். சுமார் 3,00,000 முறை ஆனதும் யூனிட்டை மாற்றச் சொல்லி எச்சரிக்கும். யூனிட் முற்றிலும் நின்றுபோனால் முன் சக்கரங்களில் மட்டும் பிரேக் பிடிக்கும், அதற்கும் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும்.

இந்த வண்டிகள் குறைந்த விலைக்கு இன்னும் கைமாறுகின்றன. யூனிட்டை மாற்றாமல் கவுண்டரை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி எச்சரிக்கையை அணைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்யச் சொல்வதால்தான் செய்கிறார்கள். அந்த வண்டியில் ஒரு குடும்பம் ஊட்டியிலிருந்து இறங்கி வரும். மேட்டுப்பாளையம் வரை அத்தனை கொண்டை ஊசி வளைவுகள். தயவுசெய்து ஒரு நிமிடம் அதை யோசித்துப் பாருங்கள்.

ஏர்பேக் விளக்கும் இப்படித்தான். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மேலே மூடியை மட்டும் ஒட்டி, விளக்கு எரியாதபடி ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றிய வண்டிகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

அடுத்து, வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியது. அடித்தளப் பார்க்கிங்கில் நின்ற விலை உயர்ந்த வண்டிகள் எத்தனை முழுகின என்பதை அப்போது எல்லோரும் பார்த்தோம். இன்ஷூரன்ஸ் முழு நஷ்டம் என்று எழுதிய வண்டிகள் ஏலத்துக்குப் போகின்றன, அங்கே எடுத்துத் தேய்த்துக் கழுவிச் சென்ட் அடித்து வெளியூரில் விற்கிறார்கள். சொகுசு வண்டியில் கம்பளத்துக்கு அடியிலும் சீட்டுக்குக் கீழேயும் டிக்கியின் தரையிலும் மாட்யூல்களும் வயரிங்கும் போகின்றன. தண்ணீர் பட்ட பின் அந்தக் கனெக்டர்கள் உடனே சாவதில்லை, பச்சை பூத்து மெதுவாகச் சாகும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் கண்ணாடி இறங்காது. மறுநாள் வைப்பர் தானாக ஓடும். அடுத்த வாரம் ஸ்டார்ட்டே ஆகாது. எது பழுது என்று கண்டுபிடிக்கவே எனக்கு நாலு நாள் ஆகும், அந்த நாலு நாளுக்கும் அவர்தான் கூலி கொடுக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு இருக்கும், சீட்டை நிறுத்தியிருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கும். வாங்குகிறவர்களுக்காக இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரீகால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் வண்டிகள் சாலையில் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. அதில் 520டி அதிகம். இ.ஜி.ஆர். கூலர் கசிந்து, கூலண்டும் புகைக்கரியும் சேர்ந்து படிந்து, அதில் நெருப்புப் பிடித்ததே காரணம். அந்த வருடம் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகள் வரை அந்த ரீகால் விரிந்தது. உங்கள் யார்டில் நிற்கும் வண்டிக்கு ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸில் கேட்கலாம். ஒரு போன் போதும். உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

இந்த வண்டிகளை இப்போது யார் வாங்குகிறார்கள் என்பதை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அரைக் கோடி கொடுத்துப் புதிதாக வாங்கியவர் வாரண்டி முடிந்ததும் கைகழுவிவிட்டு அடுத்ததை எடுத்துவிட்டார். அவருக்கு வலிக்காது. பத்து, பன்னிரண்டு வருடம் கழித்து அதைப் பத்து லட்சத்துக்கு வாங்குகிறவர், பத்து லட்சம்தான் வைத்திருக்கிறார். அதிலும் பாதி ஃபைனான்ஸ். நிட்டிங் ஜாப் எடுத்துச் செய்கிறவர், மளிகைக் கடையை மூன்றாக்கியவர், முதல் தலைமுறையாகக் கொஞ்சம் காசு பார்த்தவர். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசையில் வருகிறவர். அந்த ஆசையில் தப்பே இல்லை. வண்டியின் விலை அஞ்சில் ஒன்றாக இறங்கிவிட்டது, ஆனால் அதன் ஹெட்லைட்டும் இன்ஜெக்டரும் கியர்பாக்ஸும் இன்னும் அரைக் கோடி ரூபாய் வண்டியின் விலையில்தான் வருகின்றன. இந்தக் கணக்கை அவருக்குச் சொல்ல யாருமில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள். நீங்களோ “இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு செலவும் வைக்காது சார்” என்கிறீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். நீங்களும் பல நேரம் ஏலத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் எடுக்கிறீர்கள். உங்களுக்கு விற்றவரும் உண்மை சொல்வதில்லை. வண்டி மூன்று மாதம் நின்றால் வட்டி ஓடுகிறது. வாடகை, ஆள் சம்பளம், புரோக்கர் கமிஷன். நீங்கள் உண்மை சொன்னால் பார்ட்டி பக்கத்து யார்டுக்குப் போய் அதைவிட மோசமான வண்டியைப் பொய்யை நம்பி வாங்கிக்கொள்வார். இதையெல்லாம் என்னிடம் டீ குடித்தபடி நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சமையல்காரர் கேட்டதற்கு இதில் பதில் இல்லை. தெரிந்த குறையைச் சொன்னால் வண்டி விற்காமல் போகாது, விலை இறங்கும். இறங்க வேண்டிய விலை அது. அவர் ஏமாந்த 3,37,000-ல் உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உங்களுக்கு லாபமாக வந்த தொகையைப்போலச் சில மடங்கை அவர் இழந்திருக்கிறார். ஏனென்றால் நேரத்தில் மாற்றியிருந்தால் சின்னதாக முடிந்திருக்கும் வேலை, மறைத்துத் தள்ளிப்போட்டதால் பெரிதாகிவிட்டது.

இந்தக் குற்றச்சாட்டை வெளியிலிருந்து வைக்கிறவன் நான் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

பட்டறை தொடங்கிய புதிதில் கையில் காசு இல்லை. ஒரு வியாபாரி “ஸ்கேனரை எடுத்துக்கிட்டு யார்டுக்கு வந்துட்டுப் போ தம்பி” என்று கூப்பிடுவார். போவேன். வண்டியில் இருக்கிற ஃபால்ட்டையெல்லாம் படித்துச் சொல்வேன். “எல்லாத்தையும் அழிச்சுரு” என்பார். அழிப்பேன். 1,500 ரூபாய் கொடுப்பார். ஆறு மாதம் போல இப்படிச் செய்தேன். ஒருநாள் ஏர்பேக் ஃபால்ட் ஒன்றை அழித்துக் கொடுத்துவிட்டு யார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அதை வாங்கியவர் மனைவியை முன்னாலும் இரண்டு குழந்தைகளைப் பின்னாலும் உட்காரவைத்து, கண்ணாடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பிப் போனார். குழந்தைகள் எனக்கும் கையசைத்தன. அதற்குப் பிறகு அந்த வேலைக்கு நான் போகவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்புகிறேன். அவர்களைத் தேடிப்போய்ச் சொல்லும் தைரியம் அன்று எனக்கு இல்லாமல் போனதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே மெக்கானிக்குகளாகிய நாங்கள் இல்லாமல் நீங்கள் இதைச் செய்ய முடியாது. என் தொழில்காரர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: அழிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டி உங்கள் கையில் இருக்கும் வரை நீங்களே அதன் ஓனராகக் கருதப்படுவீர்கள். நல்ல மாற்றம். ஆனால் அது பேப்பரை ஒழுங்குபடுத்துகிறதே தவிர, பானெட்டுக்குள் இருப்பதைச் சொல்லச் சொல்லவில்லை. இந்த வண்டிகள் பிறந்த ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே டீலர் ஒருவர் தனிமனிதருக்குப் பழைய காரை விற்றால், விற்கும்போதே இருந்த குறைகளுக்குக் குறைந்தது ஒரு வருடம் அவர் பொறுப்பு. மீட்டரைத் திருத்துவது 2005 முதல் அங்கே தனிக் குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. அதே வண்டி, அதே என்ஜின், நம் ஊருக்கு வந்ததும் “இருக்கிறபடி எடுத்துக்கங்க” என்ற ஒரு வார்த்தையில் எல்லாப் பொறுப்பும் முடிந்துவிடுகிறது.

நான் ஒரு வருட வாரண்டி கேட்கவில்லை. உங்கள் முதலுக்கு அது தாங்காது என்று தெரியும். நான் கேட்பது நாளைக்கே நீங்கள் செய்யக்கூடியது.

பார்ட்டி வருகிற அன்று காலையில் வண்டியைத் தொடாதீர்கள். முந்தின ராத்திரி எப்படி நிறுத்தினீர்களோ அப்படியே இருக்கட்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் தாழ்ந்தே இருக்கட்டும். சாவியை அவர் கையில் கொடுங்கள், முதல் ஸ்டார்ட்டை அவரே செய்யட்டும். அவர் கூட்டி வருகிற மெக்கானிக் பானெட்டில் கை வைத்துப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். பிறகு ஒரு மணி நேரம் ஓட்டவிடுங்கள், டிராஃபிக்கிலும் பைபாஸிலும். டீசல் காசை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்.

அவர் முன்னாலேயே ஸ்கேனர் போட்டு, வருகிற ரிப்போர்ட்டை அழிக்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். மாட்யூல்களில் என்ன கிலோமீட்டர் இருக்கிறதோ அதையும் சேர்த்து. சர்வீஸ் ரெக்கார்டு இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். டாக்டர் ஓட்டின வண்டி என்று சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த குறை ஒன்று இருந்தால், “இதுக்கு ஒண்ணரை லட்சம் ஆகும், அதனாலதான் இந்த விலை” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பிரேக், ஏர்பேக் சம்பந்தப்பட்ட குறை இருக்கிற வண்டியைச் சரிசெய்யாமல் ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். விலை குறைத்தும் அனுப்பாதீர்கள். இதில் மட்டும் பேரம் கிடையாது.

உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், இரண்டு வருடமாக இப்படித்தான் விற்கிறார். அவர் விற்கிற வண்டிகளும் என் பட்டறைக்கு வருகின்றன. வருகிறவர்கள் எஸ்டிமேட்டைப் பார்த்து, “ஆமாங்க, அவரு சொன்னாரு” என்று தலையாட்டிவிட்டுப் பணம் கட்டிப் போகிறார்கள். அவருக்கு வியாபாரம் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமையல் காண்ட்ராக்டர் ஆவணியில் இரண்டு முகூர்த்தப் பணத்தைச் சேர்த்து வந்து வண்டியை எடுத்துப் போனார். மீதி 80,000 கடன் இருக்கிறது, தை முகூர்த்தம் முடிந்து தருகிறேன் என்றிருக்கிறார். தருவார்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு உங்கள் யார்டுக்கு அவரைப்போல ஒருவர் வருகிறார். பானெட் குளிர்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளைப் பழுது பார்க்கும்
கோவை மெக்கானிக் ஒருவன்